அடியில் ஐந்தடித் தண்ணீர்

விண்டர்போர்ன் என்ற கப்பலோடு நான் ஏழு மாதம் குடித்தனம் நடத்தினேன். இருபத்தொரு வருடம் உழைத்த ஆங்கிலேயப் போர்க்கப்பல். நாற்பத்து நான்கு பீரங்கிகள். ஆனால் அந்த ஏழு மாதத்தில் என் காதில் விழுந்தது பீரங்கிச் சத்தம் அல்ல, பம்புச் சத்தம். காலையில் பம்பு, மத்தியானம் பம்பு, அதிகாரிகள் சாப்பிடும்போது பம்பு, பாதிரியார் ஜெபம் சொல்லும்போதும் பின்னால் பம்பு. ஹெட்போனைக் கழற்றிவிட்டு வீட்டுக்குப் போனால், குளியலறைக் குழாய் சொட்டுவதைக் கேட்டே எனக்கு எரிச்சல் வரும்.

என் பெயர் ஞானசௌந்தரி. ஒலிப் பொறியாளர். 2043ஆம் வருடம், நல்லாண்டான்குப்பத்துக்கு நேர் கிழக்கே மணலில் புதைந்து கிடந்த அந்தக் கப்பலின் பாதி உடலைத் தூக்கிவந்து, கரையில் ஒரு பெரிய கொட்டகைக்குள் நிறுத்தினார்கள். அதைச் சுற்றி அருங்காட்சியகம் கட்டுவதற்கென்று ஒரு திட்டக் குழு. அதன் அதிகாரி உமாபதி. நல்ல மனிதர். யாரிடமும் கோபப்பட மாட்டார். யாருக்கும் கெட்ட செய்தி சொல்லவும் மாட்டார். தொல்லையே அதுதான்.

நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள் சமுத்திரவல்லி கொட்டகைக்கு வந்தார். கரையில் மீன் ஏலம் விடுகிறவர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். அலைச்சத்தத்தைத் தாண்டி அரை பர்லாங்குக்குக் கேட்கும் குரல்.

"மேடம், மரம் பேசுதாமே? எங்க பாட்டன் அரும்புலி பேசுறாரா?"

"மரம் பேசாதுக்கா. கீல்தான் பேசும். படகுக்குக் கலப்பத்து அடிப்பீங்கல்ல? பலகை இடுக்குல சணலைத் திணிச்சு, மேல தார் மாதிரி கீலைக் காய்ச்சி ஊத்துவீங்களே."

"அதெல்லாம் எங்கப்பா காலத்துல. இப்ப எல்லாம் பைபர்."

"அந்தக் கீல் வெயில்ல இளகும், வெயில் எறங்கினா இறுகும். இறுகுற நேரத்துல பக்கத்துல யாராவது பேசினா, அந்த அதிர்வு அதுல முடி மாதிரி வரி வரியா நின்னுடுது. வெளிப்பக்கம் மறுநாள் வெயில்ல அழிஞ்சிடும். உள்பக்கம் வெயில் படாத இடத்துல அப்படியே இருக்கும். அத லேசர் வெச்சுப் படிச்சா சத்தம் திரும்ப வருது. இதக் கண்டுபிடிச்சே ரெண்டு வருஷம்தான் ஆச்சு."

"அப்ப எங்க வீட்டுப் பழைய படகும் பேசியிருக்குமா?"

"பேசியிருக்கும்."

"நல்லவேளை, ஒடச்சு அடுப்புல வெச்சுட்டோம். எங்க வீட்டுக்காரரு பேசுனத இன்னொரு தரம் வேற கேக்கணுமாக்கும்."

அன்றிலிருந்து அவர் எனக்கு வல்லியக்கா.

அரும்புலியின் கதையை அவர்தான் சொன்னார். 1782. பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து வைத்திருந்த துறைமுகத்தையும் பக்கத்து ஊர்களையும் சுட்டுப் பொசுக்க விண்டர்போர்ன் வருகிறது. இந்தக் கரையின் மணல்மேடுகள் கப்பல்காரர்களுக்குத் தெரியாது. வழிகாட்டச் சொல்லி அரும்புலியைக் கட்டுமரத்திலிருந்து பிடித்து ஏற்றுகிறார்கள். அவர் வேண்டுமென்றே கப்பலை மணல்மேட்டில் ஏற்றி முறித்துவிட்டுத் தானும் கடலோடு போகிறார். ஊர் பிழைக்கிறது. அன்றிலிருந்து அவர்தான் ஊருக்குச் சாமி.

"எங்க தெரு முழுக்க அவரு வம்சம்தான். இந்தக் கொட்டகை நிக்குற எடம் நாங்க கருவாடு காயப்போட்ட எடம். பாட்டனுக்குச் சிலை வெக்கிறோம்னு சொன்னாங்க, விட்டுக் குடுத்தோம். வேற யாரு கேட்டிருந்தாலும் குடுத்திருக்க மாட்டோம்."

கதைக்கு ஆதாரமும் இருந்தது. கப்பல் மூழ்கியபின் தப்பித்த கேப்டனை ராணுவ நீதிமன்றம் விசாரித்திருக்கிறது. 'உள்ளூர் வழிகாட்டி துரோகம் செய்து கப்பலைத் தரைதட்ட வைத்தான்' என்று அவன் வாக்குமூலம் கொடுத்திருக்கிறான். அவர்களுக்குத் துரோகம் என்றால் நமக்குத் தியாகம். உமாபதி அந்தப் பக்கத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்.

"பீரங்கிச் சத்தம் மட்டும் கெடைச்சா போதும் மேடம். திறப்பு விழாவுக்கு அத வெச்சு ஒரு அதிர அதிர நிகழ்ச்சி பண்ணிடலாம்" என்றார்.

நான் வேலையை ஆரம்பித்தேன். கப்பலுக்குப் பலமுறை கலப்பத்து அடித்திருந்தார்கள். ஒவ்வொரு முறையும் பழைய கீலைச் சுரண்டியபோது மூலை முடுக்கில் கொஞ்சம் மிச்சம் விட்டிருந்தார்கள். அப்படி ஏழு அடுக்கு. ஏழு அடுக்கிலும் கப்பலின் வாழ்க்கை துண்டு துண்டாக இருந்தது.

அந்த வாழ்க்கையைப் பற்றி என்ன சொல்ல! சண்டை நடந்துகொண்டிருந்த அவசரத்தில், காயாத ஓக் மரத்தை வெட்டி அதைக் கட்டத் தொடங்கியிருக்கிறார்கள். கட்டி முடித்தபோது சண்டை முடிந்துவிட்டது. பதினோரு வருடம் ஒரு ஆற்றில் கட்டிப்போட்டார்கள். அந்தப் பதினோரு வருடத்துக் கீலில் இருப்பது இரண்டு காவலாளிகள் சீட்டாட்டத்தில் ஒருவரையொருவர் ஏமாற்றிக்கொள்வது. பிறகு அமெரிக்காவில் சண்டை வந்தது. கப்பல் ஓட்டை என்று ஒரு வருடம் பழுது பார்த்தார்கள். கடைசியில் கிளம்பிப் போய், மூடுபனியில் தன் பின்னாலேயே வந்த சொந்த நாட்டுச் சரக்குக் கப்பலை நோக்கிச் சுட்டது. குறி தவறியது. அது ஒன்றுதான் எனக்கு நல்ல நிலையில் கிடைத்த பீரங்கிச் சத்தம். அதற்குப் பின்னாலேயே ஒரு குரல், "கடவுளே, அது நம்ம ஆளுங்க" என்கிறது. விழாவில் அதைப் போட முடியுமா?

அதைவிட என்னைப் பைத்தியமாக்கியது வேறொன்று. கப்பலின் தச்சன் ஒவ்வொரு நாளும் அடியில் எத்தனை அடி தண்ணீர் இருக்கிறது என்று அளந்து மேலே வந்து சொல்வான். "ஐந்தடி, சார்." லெப்டினென்ட் அதைக் கேட்டுக்கொண்டு கேப்டன் அறைக்குப் போவான். "மூன்றடி இருக்கலாம், சார்." கேப்டன் கடிதம் எழுதும் குமாஸ்தாவிடம் சொல்வான். "கப்பல் நல்ல நிலையில் இருக்கிறது." அந்த மூன்று குரலும் மூன்று இடத்துக் கீலில் கிடைத்தன. ஒரே நாள். நடுவில் இருந்தது இருபதடி தூரமும் ஒரு படிக்கட்டும்தான். கேப்டன்கள் மாறினார்கள், லெப்டினென்ட்கள் மாறினார்கள், தச்சன் கிழவனானான். படிக்கட்டு ஏறும்போது தண்ணீர் வற்றுவது மட்டும் மாறவில்லை. ஹெட்போனோடு உட்கார்ந்து, "அடேய், ஐந்தடிடா!" என்று நான் கத்தியதைக் கொட்டகைக் காவலாளி பார்த்துவிட்டு உமாபதியிடம் சொல்லியிருக்கிறார். "மேடம் உற்சாகமா வேலை பாக்குறாங்க" என்று அதுவும் மேலே போயிருக்கும்.

ஆறாவது மாதம், கப்பலின் பின்பக்கம், சுக்கான் பிடிக்கும் இடத்துக்குக் கீழே இருந்த கட்டையில் தமிழ் கேட்டது.

நான் எழுந்து நின்றுவிட்டேன். இளைய குரல். கடற்கரைப் பேச்சு, சில சொற்கள் பழையவை, ஆனாலும் புரிந்தது. "துபாஷி ஐயா, தெக்கால திருப்பச் சொல்லுங்க. முன்னால மணமேடு. ரெண்டாள் ஆழங்கூட இல்ல."

அடுத்து ஆங்கிலம். மொழிபெயர்ப்பாளனின் நடுங்கும் ஆங்கிலம். "சிறிது மணல் உண்டு என்கிறான், பிரபு. கவலைப்பட ஒன்றுமில்லை."

"சொல்லிட்டீங்களா ஐயா? ஏன் இன்னும் திருப்பல? திருப்பச் சொல்லுங்க!"

"எச்சரிக்கையாகப் போவது நல்லது என்கிறான், பிரபு."

மூன்றாவது முறை அரும்புலி கத்துகிறார். கெஞ்சுகிறார். எந்தத் தெய்வத்தின் பேரையோ சொல்லிக் கெஞ்சுகிறார். கேப்டன் என்னவென்று கேட்கிறான். துபாஷி சொல்கிறான்: "ஒன்றுமில்லை, பிரபு. அவன் பிரார்த்தனை செய்கிறான்."

அதற்கப்புறம் மரம் முறியும் சத்தம்.

துரோகமும் இல்லை, தியாகமும் இல்லை. ஒரு பையன் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறான். நடுவில் ஒருவன் வெள்ளைக்காரனுக்குப் பிடிக்காததைச் சொல்லப் பயந்திருக்கிறான். கேப்டன் தன் தலையைக் காப்பாற்றிக்கொள்ளப் பழியைப் பையன் மேல் போட்டிருக்கிறான். அந்தப் பழிக்குத்தான் நாங்கள் சிலை வைக்கப் போகிறோம்.

எல்லாவற்றையும் அறிக்கையாக எழுதிக் கொடுத்தேன். உமாபதி இரண்டு நாள் வைத்திருந்து மேலே அனுப்பினார். அவர் அனுப்பியதன் நகலைப் பார்த்தேன். 'கப்பலில் அரும்புலி இருந்ததை ஒலிப்பதிவு உறுதி செய்கிறது.' அவ்வளவுதான். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

இன்னொன்றும் எழுதியிருந்தேன். லேசர் படிக்கும்போது வெளி அதிர்வைக் கழிப்பதற்காகக் கட்டைகளில் நான் ஒட்டியிருந்த மைக்குகள், கட்டைகள் காய்ந்து வெடிப்பதையும் சேர்த்துக் கேட்டுக்கொண்டிருந்தன. மேல்தளத்தைத் தாங்கும் ஏழாவது விட்டத்துக்குள் பிளவு ஓடிக்கொண்டிருந்தது. திறப்பு விழாவில் அந்தத் தளத்தில் ஊர்க்காரர்கள் அறுபது பேரை நிறுத்திச் சிலையின் திரையை விலக்குவதாக ஏற்பாடு. 'பத்துப் பேருக்கு மேல் ஏற்றவே கூடாது' என்று கோடு போட்டு எழுதினேன். மேலே போனது, 'கூட்டத்தை ஒழுங்குபடுத்தும்படி பொறியாளர் ஆலோசனை.' அழைப்பிதழில் வந்தது, 'அனைத்துப் பாதுகாப்பு ஏற்பாடுகளுடன்.'

அழைப்பிதழை எடுத்துக்கொண்டு உமாபதி அறைக்குப் போனேன்.

"சார், நான் ஏத்தவே கூடாதுன்னு எழுதினேன்."

"எழுதினீங்க மேடம். இல்லன்னு சொல்லலையே. அத அப்படியே மேல அனுப்ப முடியுமா? தேதி வாங்கியாச்சு."

"விட்டம் தேதி பாத்தா ஒடையும்?"

"ஒடையும்னு உறுதியா சொல்றீங்களா?"

"உறுதியா எப்படி சார் சொல்ல முடியும்? நாளைக்கும் ஒடையலாம், ஆறு மாசம் கழிச்சும் ஒடையலாம்."

"அதான் மேடம் நானும் சொல்றேன்" என்று, ஏதோ நான் ஒப்புக்கொண்டுவிட்டதுபோல் சிரித்தார். டீ வரவழைத்தார். நான் குடிக்கவில்லை.

விழாவுக்கு முந்தின வாரம், வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஒத்திகை. அறுபது பேரும் வந்துவிட்டார்கள். பெண்களுக்கெல்லாம் ஒரே நீலத்தில் புடவை. ஆண்கள் வெள்ளை வேட்டி. வல்லியக்கா முன்வரிசை. ஒருவர் பின் ஒருவராகப் படியில் ஏறத் தொடங்கினார்கள். என் ஹெட்போனில் ஏழாவது விட்டம் பல்லைக் கடிப்பதுபோல் முனகியது.

"ஏறாதீங்க! எறங்குங்க!" என்று கத்தினேன். மேளக்காரர்கள் வாசித்துக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் கேட்கவில்லை. உமாபதி என் பக்கம் வந்து, "மேடம், ப்ளீஸ். எல்லாரும் பாக்குறாங்க" என்றார். இருபது பேர் ஏறியாகிவிட்டது.

வேறு வழி தெரியவில்லை. விழாவுக்காக வைத்திருந்த பெரிய ஒலிபெருக்கிகளின் கம்பியைப் பிடுங்கி என் கணினியில் செருகினேன். அரும்புலியின் குரலைப் போட்டேன்.

மேளம் நின்றது. "துபாஷி ஐயா, தெக்கால திருப்பச் சொல்லுங்க." அவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர்கள் ஊர்ப் பேச்சு. துபாஷியின் ஆங்கிலம் வரும் இடத்தில் மட்டும் நிறுத்தி, தமிழில் சொன்னேன். மூன்று முறையும். கடைசி முறை, "பிரார்த்தனை செய்யுறான்னு சொல்றான்" என்று நான் சொன்னபோது கூட்டத்தில் ஒரு பெண் "ஐயோ" என்றாள்.

படியில் பாதி ஏறி நின்ற வல்லியக்கா என்னைப் பார்த்தார்.

"இத ஏன் மேடம் இப்பப் போட்டீங்க?"

"மேல இருக்குற விட்டம் தாங்காதுக்கா. பத்து நாளைக்கு முன்னாடியே எழுதிக் குடுத்தேன்."

"எங்ககிட்ட யாரும் சொல்லலையே."

அவர் மெதுவாக உமாபதி பக்கம் திரும்பினார். "அப்ப நீங்கதான் துபாஷியா சார்?"

வல்லியக்கா தளத்தைப் பார்த்து, ஏலம் முடிக்கிற குரலில், "எல்லாரும் எறங்குங்கடா!" என்றார். ஏறியவர்கள் இறங்க, அறுபது பேரும் வெளியே போனார்கள்.

இந்த மாதிரி நேரத்தில் விட்டம் உடைந்து விழுந்திருந்தால் எனக்கு நல்ல பெயர் கிடைத்திருக்கும். விழவில்லை. அன்றும் விழவில்லை, அந்த வாரமும் விழவில்லை. விழா நின்றது. பீதியைக் கிளப்பியதற்காக எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. ஊரிலும் நிம்மதி இல்லை. டீக்கடையில் ஒருவர் என் முகத்துக்கு நேராக, "எங்க சாமி வெள்ளக்காரனக் காப்பாத்தப் பாத்துச்சுன்னு சொல்லிட்டீங்களே, இதுக்கு நீங்க வராமலே இருந்திருக்கலாம்" என்றார். உயிர் பிழைத்தவர்கள் என் மேல் கோபமாக இருந்தார்கள். வல்லியக்காவும் என்னைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒத்திகை முடிந்து நாற்பதாவது நாள், செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு, ஏழாவது விட்டம் விழுந்தது. எட்டாவதையும் இழுத்துக்கொண்டு, மேல்தளத்தில் பாதியோடு விழுந்தது. கொட்டகையில் அப்போது நானும் காவலாளியும் மட்டும் வாசல் பக்கம் இருந்தோம். தூசி அடங்கப் பத்து நிமிடம் ஆனது. மறுநாள் செய்திக் குறிப்பில், 'பராமரிப்புக்காக மேல்தளம் திட்டமிட்டபடி பிரிக்கப்பட்டது' என்று இருந்தது. அதைப் படித்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். உமாபதிக்குப் பதவி உயர்வோடு மாறுதல். போகும்போது என்னிடம் வந்து, "நீங்க சொன்னது சரியாப் போச்சு மேடம்" என்றார். கண் கலங்கியிருந்தது. அவரைத் திட்ட நான் ஏழு மாதமாகச் சேர்த்து வைத்திருந்த எதுவும் வாயில் வரவில்லை.

என் ஒப்பந்தம் முடிய இரண்டு வாரம் இருந்தது. விழுந்த கட்டைகளுக்கு அடியிலிருந்து, இதுவரை கைக்கு எட்டாத ஒரு மூலைக் கட்டை வெளியே வந்திருந்தது. சுக்கானுக்குப் பக்கத்துக் கட்டை. அதில் விரல் நீளத்துக்குக் கீல். படித்தேன். கேட்டேன். மறுநாள் காலை அந்த ஒலிப்பதிவை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனேன்.

ஏலம் முடிந்து வல்லியக்கா ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பவில்லை. இன்னொரு பெட்டியைக் காலால் நகர்த்தினார். உட்கார்ந்தேன்.

"விட்டம் விழுந்துடுச்சாமே."

"ஆமாக்கா."

"நான் முன்வரிசையில நின்னிருப்பேன்" என்றார். பிறகு, "என்ன கொண்டாந்திருக்கீங்க?"

ஹெட்போனைக் கொடுத்தேன். கப்பல் தட்டிய பிறகு நடந்தது. அலை, ஓட்டம், யாரோ ஆங்கிலத்தில் அழுகிறார்கள். நடுவில் அரும்புலி மூச்சு வாங்கிக்கொண்டு பேசுகிறார்.

"துபாஷி ஐயா, நீச்சல் தெரியுமா?"

"தெரியாதப்பா. தெரியாது."

"அழாதீங்க. கழுத்தப் புடிக்காதீங்க, தோளப் புடிங்க. வாயத் தொறக்காதீங்க. இப்பவாச்சும் சும்மா வாங்க."

அத்தோடு கீலில் தண்ணீர் ஏறிவிட்டது.

வல்லியக்கா மூன்று முறை கேட்டார். ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "அவனையுமா தூக்கிக்கிட்டுப் போனாரு? அவனாலதானய்யா எல்லாம்! எங்க தெருவு ஆம்பளைங்க பூரா இப்படித்தான் மேடம், எவன் கெடுத்தானோ அவனையே தோள்ல போட்டுக்குவானுங்க." திட்டிக்கொண்டே கண்ணைத் துடைத்தார். "கரைக்கு வந்தாங்களா?"

"தெரியல. நீதிமன்றக் காகிதத்த முழுசாப் படிச்சேன். சார் சட்டம் போட்டு மாட்டினது முதல் பக்கம் மட்டும்தான். கப்பல் போனதுக்கு அடுத்த நாள் சிப்பாய்ங்க அரும்புலியத் தூக்குல போடத் தேடிக்கிட்டு இந்த ஊருக்கு வந்திருக்காங்க. ஊர்ப் பெரியவங்க அத்தன பேரும், அவன் கடலோட போயிட்டான்னு சத்தியம் பண்ணியிருக்காங்க. பொணம் கெடைக்கல. அப்படியே எழுதிக்கிட்டுத் திரும்பிட்டாங்க."

ஏழு மாதமாக நடுவில் நின்று உண்மையை மறைத்த ஒவ்வொருவனையும் சபித்தவள் நான். இந்த ஊர்ப் பெரியவர்களை மட்டும் சபிக்கத் தோன்றவில்லை. அதை அவரிடம் சொல்லவில்லை.

"அப்ப அவருக்கு வயசு என்னக்கா இருக்கும்?" என்று கேட்டேன்.

"இருபதுன்னு சொல்லுவாங்க. பொண்ணே பாக்கலையாம். கல்யாணம் ஆகாமப் போன சாமின்னு சொல்லித்தான எங்க தெருவுல..."

பாதியில் நிறுத்தினார். கரைக்கு மேலே தெரிந்த தன் தெருவைத் திரும்பிப் பார்த்தார். இருநூறு வீடு இருக்கும். வாசலில் வலை, பிள்ளைகள், துணிக்கொடி.

"பொண்ணே பாக்காதவருக்கு நாங்க இத்தன பேரு எங்கேருந்து மேடம் வந்தோம்?"

நானும் அந்தத் தெருவைப் பார்த்தேன்.

"எரநூத்தி அறுவது வருஷம்! ஒருத்தன், ஒரே ஒருத்தன் இத யோசிக்கலையே!" என்று வல்லியக்கா தலையில் அடித்துக்கொண்டார்.